ஒற்றைக் குழல் அறிவித்த செத்தவீடு

பேய், பிசாசு, ஆவி என்று கதைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். என் பெயர் சுப்பிரமணியம், படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் ஊர்காவற்றுறையில் இறங்கி ‘மைக் மணியத்தின் வீடு எது’ என்று கேட்டுப் பாருங்கள், தெருவில் படுத்திருக்கிற நாய்கூட எழும்பி வழி காட்டும். ஒரு அம்பிளிபயர், ஒரு குழல் ஒலிபெருக்கி, கடன்வாங்கின ஒரு சைக்கிள், இவ்வளவோடுதான் தொழில் தொடங்கினேன். இன்றைக்குத் தீவுப்பகுதியில் என் செற் பாடாத கோயில் இல்லை, நான் வாடகைக்கு விட்ட கதிரையில் இருக்காத மாப்பிள்ளை இல்லை. சுடலைக்குப் பக்கத்து வெளியில் வயருக்குக் காவலாகத் தனியே படுத்தெழும்பியவன் நான். ஒரு பேயும் வந்ததில்லை. வந்திருந்தால் இரண்டு சுருள் வயரைக் கொடுத்துச் சுற்ற விட்டிருப்பேன்.

அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. வேறொருவர் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது பட்டப்பகலில், நெடுந்தீவில், என் சொந்த அக்காவின் வளவில், நான் கையால் பூட்டின செற்றில் நடந்தது. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

எனக்கு ஒரு தம்பி. செல்வராசா, வீட்டில் செல்வம். அவன் பிறந்த அன்றே அம்மா போய்விட்டாள். பாக்கியம் அக்காதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள், அக்காவுக்கு அப்போது பத்து வயதுகூட இல்லை. அவனுக்கு முன்னால் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை வைத்துவிட்டால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம், நாள் முழுக்க அடித்துக்கொண்டிருப்பான். அவனை லண்டனுக்குப் படிக்க அனுப்பியது நான்தான், என் உழைப்பில். அங்கே போய் இரண்டு வருசத்தில் படிப்பை விட்டுவிட்டு, நாலு வெள்ளைக்காரப் பெடியளோடு சேர்ந்து மேளம் அடிக்கிறேன் என்று கடிதம் போட்டான். நான் என்ன பதில் எழுதியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அக்காவுக்கு இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. நாற்பது வருசத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

எங்கே தேடினோம், யாரைக் கேட்டோம் என்பதையெல்லாம் எழுதினால் அது வேறு கதை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது, அக்காவுக்கு மட்டும் விளங்கவில்லை. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் நான் சொல்லுவேன், அக்கா, அவனுக்கும் செய்யவேண்டியதைச் செய்துவிடுவோம், இப்படி அந்தரத்தில் விடக்கூடாது என்று. அவள் ஒரே பதில்தான் சொல்லுவாள், “உயிரோடை இருக்கிறவனுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சால் அவன்ரை ஆயுள் குறையும்.” அதற்குமேல் வாய் திறக்க மாட்டாள். திருமணமும் செய்யவில்லை, நெடுந்தீவை விட்டு வரவும் இல்லை. அவன் திரும்பி வந்தால் வீட்டில் ஆள் வேண்டுமாம்.

போன வருசம் என் மகன் கேதீசன் லண்டனில் இருந்து மூன்று கிழமை லீவில் வந்தான். பெட்டிக்குள் ஒரு பெரிய சதுர மட்டையை உடுப்புக்கு நடுவில் பிள்ளையைப் போலச் சுற்றி வைத்திருந்தான். எடுத்துப் பார்த்தால் றெக்கோட். புத்தம்புதியது, தடித்த கறுப்புத் தட்டு. இந்தக் காலத்தில் யாரடா இதை அடிக்கிறார்கள் என்று கேட்டேன். இப்போது அங்கே இதுதான் நாகரிகமாம். அந்தக் காலத்தில் நிலக்கீழ் அறைகளில் பாடிக்கொண்டு திரிந்த, ஒருவரும் சீண்டாத கூட்டங்களின் தட்டுகளைத் தேடிப் பிடித்துத் திரும்ப அச்சடிக்கிறார்களாம், இளசுகள் வரிசையில் நின்று வாங்குகிறார்களாம். ஒருமுறை விலைபோகாத சரக்கை நாற்பது வருசம் கழித்து அதே விலைபோகாத சத்தத்தோடு திரும்ப விற்கிற கெட்டித்தனத்தை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு மட்டையின் பின்பக்கத்தைத் திருப்பினேன். ஒரு செங்கல் சுவருக்கு முன்னால் ஐந்து பேர். நாலு பேர் வெள்ளை. ஐந்தாவது ஆள் ஓரத்தில், கையில் இரண்டு தடி, கமராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு, மெலிந்துபோய், செல்வம்.

கடையில் இந்தப் படத்தைக் கண்டுதான் கேதீசன் அதை வாங்கினானாம். உள்ளே ஒரு தாளும் இருந்தது. கேதீசன் அதை எனக்குத் தமிழில் சொன்னான். கூட்டத்தில் பாடினவர் இப்போது கிழவர், அவர்தான் எழுதியிருந்தார். இரண்டே நாளில், ஒரு கடைக்குக் கீழே இருந்த அறையில், ஒன்றையும் திருத்தாமல் பதிந்தார்களாம். எங்கள் மேளக்காரன் ஒருநாள் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை, அந்தக் குளிர்காலத்தில் அவன் இறந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள், அது உண்மையா என்று இன்றுவரை தெரியாது. இவ்வளவுதான். அவர்களும் எங்களைப்போலத்தான் இருந்திருக்கிறார்கள்.

நான் உடனே ஒரு முடிவுக்கு வந்தேன். தம்பிக்கு அண்ணன் கிரியை செய்கிற வழக்கம் இல்லை, மகன் முறையில் கேதீசன்தான் செய்யவேண்டும். கேதீசன் நிற்கிறது இன்னும் பத்து நாள். இனி எப்போது வருவான், அப்போது அக்கா இருப்பாளா, நான் இருப்பேனா? இந்தத் தாளைக் காட்டி அக்காவைச் சம்மதிக்க வைக்கவேண்டும். ரெலிபோனில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், “வெள்ளைக்காரன்ரை கதை எனக்கெதுக்கு? அவன்ரை சத்தத்தை எனக்குக் கேக்கப் பண்ணு. பிறகு சொல்லுறன்” என்றாள்.

கேதீசன், “அப்பா, இது ஃபோனிலையும் கிடக்கு. ஃபோனைக் கொண்டுபோய் மாமியின்ரை காதுக்கு வைப்பம்” என்றான். அக்காவுக்குக் காது மந்தம். அதோடு, மைக் மணியத்தின் தம்பி அடித்த மேளத்தைத் தீப்பெட்டியளவு சாமானில் கேட்கவைக்க எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. மேல்வீட்டில் துணிபோட்டு மூடி வைத்திருந்த என் பழைய றெக்கோட் பெட்டியை இறக்கினேன், ஊசி மாற்றினேன், பெல்ற் மாற்றினேன். அம்பிளிபயர், பற்றரி, ஒரு குழல். படகில் கொண்டுபோகிறதென்றால் இவ்வளவுதான் ஏலும். பாட்டுத்தானே போடப்போகிறேன் என்று மைக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மைக் ஊர்காவற்றுறையில், என் அலுமாரிக்குள்.

குறிகட்டுவான் துறையில் சாமானைப் படகில் ஏற்றுகிற நேரமே தொல்லை தொடங்கியது. பற்றரியை எங்கே வைக்கிறது என்று ஒரு சண்டை, குழலுக்குத் தனி ஆள் இடமா என்று ஒரு பகிடி. “அண்ணை, வயசுபோன காலத்திலை பொம்பிளை பாக்கப் போறியளோ, மேளதாளத்தோடை?” என்று படகுக்காரன் கேட்டான், படகு முழுக்கச் சிரிப்பு. ஒரு மணித்தியாலம் கடல் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் றெக்கோட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, செத்தாலும் வாழ்ந்தாலும் இனிமேல் இந்த வேலை செய்யமாட்டேன் என்று செல்வத்தை ஏசிக்கொண்டே போனேன்.

இனித்தான் என் பிழை. ஒப்புக்கொள்கிறேன். ஒரு வீட்டில் செற் பூட்டுகிறதென்றால் என் கை தானாக வேலை செய்யும். ஐம்பது வருசப் பழக்கம். வளவில் இறங்கினதும் படலைப் பக்கம் நின்ற பூவரசில் ஏறாத குறையாகக் குழலைக் கட்டி, வாயை றோட்டுக்குத் திருப்பி இறுக்கிவிட்டேன். கேதீசன் பார்த்துவிட்டு, மாமி வீட்டுக்குள்ளே இருக்கிறா, நீங்கள் ஊருக்குக் காட்டுகிறீர்களே என்றான். காது மந்தமென்றாலும் இந்தக் குழல் அடுத்த ஊருக்கே கேட்கும், உனக்கு என்ன தெரியும் என்று அவனை அடக்கிவிட்டேன். கட்டினதை அவிழ்க்க எனக்குப் பஞ்சி, வெறும் சோம்பல், அதுதான் உண்மை.

எங்கள் தீவுகளில் குழலுக்கு ஒரு பாசை இருக்கிறது. அது நான் பழக்கின பாசைதான். கலியாண வீடென்றால் இரண்டு குழல், ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். செத்தவீடென்றால் ஒற்றைக் குழல், வாய் றோட்டுக்கு. தேவாரம் போகும், இடையிடையே அறிவித்தல் போகும். ஆட்பழக்கம் இல்லாத ஒரு கிழவியின் வீட்டில், திருவிழா இல்லாத ஒரு நாளில், மத்தியான நேரத்தில் ஒற்றைக் குழல் கத்தினால் சனம் என்ன நினைக்கும் என்று இந்த மண்டைக்கு ஓடவில்லை.

அக்காவைக் கதிரையில் வாசலோடு இருத்தினோம். கேதீசன் அவள் பக்கத்தில் குந்தி, ஃபோனில் படம் பிடிக்கத் தொடங்கினான். நான் ஊசியை வைத்தேன்.

நான் எத்தனையோ தட்டுப் போட்டிருக்கிறேன். இப்படி ஒரு அநியாயத்தைக் கேட்டதில்லை. பாடுகிறவன் மைக்கை வாய்க்குள் விட்டுக்கொண்டு கத்துகிறான், கிற்றார் தகரம் கிழிகிற மாதிரி, பதிந்தவனுக்குச் சத்தத்தைக் குறைக்கிற திருகு எது என்றே தெரியாது. கோழிகள் கிணற்றடிக்கு ஓடின. ஆடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. ஆனால் அதற்குப் பின்னால் மேளம். அது வேறு. அவ்வளவு குழப்பத்துக்கும் நடுவில் ஒரு ஆள் மட்டும் வேலை தெரிந்து வேலை செய்கிற மாதிரி. நான் அவனுக்கு எழுதின கடிதம் அப்போது ஞாபகம் வந்தது. அதை விடுங்கள்.

அக்கா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாள். கடைசியில், “பசியோடை அடிக்கிறான்” என்றாள். சரி, வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். தட்டைத் திருப்பிப் போட்டேன். அதுவும் முடிந்தது.

“அக்கா, கேட்டிட்டாய்தானே. இனிக் கீரிமலைக்குப் போய் அவன்ரை கிரியையைச் செய்வமே?”

“அவன்ரை குரல் எங்கை?”

“அவன் பாடேல்லை அக்கா. மேளம் அடிக்கிறவன் பாடுறேல்லை.”

“நான் சத்தம் எண்டு கேட்டது குரலை. மேளம் ஆரும் அடிக்கலாம்” என்றுவிட்டு எழும்பப் பார்த்தாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுதக்கூடாது. அந்தக் கடல், அந்தப் பற்றரி, என் முழங்கால், எல்லாம் இந்த ஒரு வசனத்துக்காகவா? நான் செற்றை நிற்பாட்டி, வயரைப் பிடுங்கி, சுற்றத் தொடங்கினேன். அப்போதுதான் படலை திறந்தது.

பக்கத்து வளவு புவனம் முதல் வந்தாள், தலைமயிரை அவிழ்த்துவிட்டுக்கொண்டு. அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள். அதற்குப் பின்னால் மீன்பிடிக்கிற மரியதாஸ், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட், கையில் தேயிலைப் பெட்டியும் சீனியும். இன்னும் சனம் றோட்டில் வந்துகொண்டிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. ஒற்றைக் குழல். நான் ஓடிப்போய்க் கையைக் காட்டி மறித்தேன், அக்காவுக்கு ஒன்றும் இல்லை, அக்கா இதோ கதிரையில் இருக்கிறா, சும்மா பாட்டுப் போட்டேன், திரும்பிப் போங்கள் என்றேன்.

புவனம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “அக்காவுக்கெண்டு ஆர் வந்தது? செல்வண்ணைக்கெண்டு வந்தனாங்கள்” என்றாள்.

“எந்தச் செல்வண்ணை?”

“என்னண்ணை கேக்கிறியள். நீங்கள்தானே அறிவிச்சனீங்கள்.”

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். இவளுக்கு வெயில் பட்டுவிட்டது என்று மரியதாஸைப் பார்த்தேன். அவனும் தலையாட்டினான். அவன் கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தவன், புவனம் குசினியில் நின்றவள், மற்றவர்கள் வந்தது எதிர்ப்பக்கத்து ஒழுங்கையால். எல்லோரும் ஒரே கதை. தகரம் கிழிகிற மாதிரி ஏதோ சத்தம் கேட்டதாம், பிறகு அது அடங்கி மேளம் மட்டும் போனதாம், அந்த மேளத்துக்கு மேலே அறிவித்தல். என் குரல். ஐம்பது வருசமாகக் கேட்ட குரல், பிழைவிட வழியே இல்லை என்கிறார்கள்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். காது மந்தமென்று பெயர்தான், தேவையானது கேட்கும். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னை ஒரு கள்ளனாக்கிவிட்டது. சம்மதிக்க மாட்டேன் என்றதால் நானே திருட்டுத்தனமாக ஊருக்கு அறிவித்துவிட்டேன் என்று நினைத்தாள். “மைக்கை எடு” என்றாள். மைக் கொண்டுவரவில்லை அக்கா என்றேன். நம்பவில்லை. கதிரையை விட்டு எழும்பி வந்து, என் பைக்குள், பெட்டிக்குள், பற்றரிக்குப் பின்னால், தன் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். மைக் இல்லை. கேதீசன் ஃபோனில் பிடித்த படத்தை முதலில் இருந்து போட்டுக் காட்டினான். இரண்டு பக்கமும் வெள்ளைக்காரன் கத்துகிறதும் மேளமும்தான். ஒரு வசனம் தமிழ் இல்லை. எங்கள் மூன்று பேரின் காதும், அந்த ஃபோனும், ஒன்றைத்தான் சொல்கின்றன.

அக்கா மரியதாஸிடம் திரும்பி, “என்ன சொல்லிக் கேட்டது? அப்பிடியே சொல்லு” என்றாள்.

மரியதாஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நெடுந்தீவைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட செல்வராசா அவர்கள் காலமானார். அன்னார் பாக்கியம், சுப்பிரமணியம் ஆகியோரின் அன்புச் சகோதரன் ஆவார். உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.” இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், “அவ்வளவுதான்” என்று நிறுத்தினான்.

என் வசனம். எழுத்துக்கு எழுத்து நான் எல்லாச் செத்தவீட்டுக்கும் சொல்லுகிற வசனம்.

 புவனம் நின்றாள், அவிழ்த்த தலையோடு. மரியதாஸ் நின்றான், தேயிலைப் பெட்டியோடு. எங்கள் பக்கத்தில் ஒரு சாவுக்கென்று வந்து வாசலில் நிற்கிற சனத்தைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் கிடையாது. எதிரி வந்தாலும் அனுப்ப ஏலாது. அக்காவுக்கும் அது தெரியும். அவள் படலையைப் பார்த்தாள், உள்ளே வர அந்தரப்பட்டு றோட்டில் நிற்கிற சனத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வாசலில் நிலத்தில் இருந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். இரண்டு கையையும் புவனத்துக்கு நீட்டினாள்.

புவனம் கட்டிப்பிடித்ததும் அக்காவிடம் இருந்து வந்த சத்தத்தை நான் என்னுடைய எந்தக் குழலிலும் கேட்டதில்லை. நாற்பது வருசத்துச் சத்தம். ஒவ்வொரு பெண்ணாக வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள், அரைவாசிப் பேர் செல்வத்தைக் கண்டதே இல்லை. ஆண்கள் என் கையைப் பிடித்தார்கள். நானும் அழுதேன், எழுதுவதற்கு எனக்கு வெட்கம் இல்லை. அன்றைக்கு அக்கா வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, அயலில் இருந்துதான் சாப்பாடு வந்தது. சனத்தோடு இருந்து ஒருவனுக்காக அழுதுவிட்டால், அவன் உயிரோடு இருக்கிறான் என்று பிறகு சொல்ல வாய் வராது. வெயில் சாய அக்கா கேதீசனைக் கூப்பிட்டு, “மோனை, அப்பரோடை கீரிமலைக்குப் போய்ச் செய்யவேண்டியதைச் செய்” என்றாள்.

போய்ச் செய்தோம். ஐயர் திதி கேட்டார். எங்களுக்குத் தெரிந்த ஒரே நாள் அறிவித்த நாள்தான், அதையே கொடுத்தோம். தட்டை நான் வைத்திருக்கிறேன், மட்டையை அக்கா கேட்டாள். அதைச் சுவரில் கொழுவி, பின்பக்கத்தைத் திருப்பி, பொட்டு வைத்து மாலை போட்டிருக்கிறாள். செல்வத்தோடு சேர்த்து அந்த நாலு வெள்ளைக்காரருக்கும் மாலை விழுந்திருக்கிறது. அதில் பாடினவர் உயிரோடு இருக்கிறார் அப்பா, தயவுசெய்து அவருக்குத் தெரியவேண்டாம் என்று கேதீசன் சொல்லிவிட்டுப் போனான்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஒரு மாதிரிச் சமாளித்திருப்பேன். ஊருக்கெல்லாம் ஒரே நேரத்தில் வெயில் பட்டது, என் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம், ஒற்றைக் குழலைக் கேட்டதும் காது தானாக அந்த வசனத்தை வைத்துக்கொண்டது, இப்படி ஏதாவது. நான் கெட்டிக்காரன், எனக்குக் காரணம் கண்டுபிடிக்கத் தெரியும். ஆனால் நாலு மாதம் கழித்து மரியதாஸ் தங்கள் கோயில் திருநாளுக்குச் செற் பேச ஊர்காவற்றுறைக்கு வந்தான். எல்லாம் பேசி முடித்தும் எழும்பாமல் இருந்தான்.

“அண்ணை, அண்டைக்கு அக்காவுக்கு முன்னாலை ஒண்டைச் சொல்லாமல் விட்டனான்.”

“என்னத்தை?”

“அறிவித்தல் முடிக்கேக்கை, தகவல் இன்னார் எண்டு அறிவிக்கச் சொன்ன ஆளின்ரை பேரைச் சொல்லுவியள்தானே. அதையும் சொன்னனீங்கள்.”

“என்ரை பேரைத்தானே?”

“இல்லை அண்ணை. தகவல், செல்வராசா எண்டு சொன்னனீங்கள்.”

காலையிலேயே கள்ளுக் குடித்துவிட்டு வந்து கதைக்கிறாயா என்று அவனை ஏசினேன். அவன் கோபிக்கவில்லை, புவனத்தைக் கேளுங்கள் என்றுவிட்டுப் போனான். கேட்டேன். அவளும் அதைத்தான் சொன்னாள், வேறு இரண்டு பேரும் அதைத்தான் சொன்னார்கள், ஒருவருக்கும் அதை அக்காவுக்கு முன்னால் சொல்ல மனம் வரவில்லையாம்.

இன்றைக்கும் செத்தவீடுகளுக்கு நான்தான் அறிவிக்கிறேன், என் குரலுக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது. ஊரையும் பேரையும் சகோதரங்களையும் கணீரென்று வாசிப்பேன். ‘தகவல்’ என்கிற கடைசி வரி வந்ததும் மைக்கை வீட்டுக்காரரிடம் நீட்டி, அதை நீங்களே சொல்லுங்கள் என்கிறேன். அதுதான் மரியாதை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் என் வாயில் எந்தப் பெயர் வரும் என்று எனக்கு இப்போது நிச்சயம் இல்லை.